நீலக் கோப்பையில் எட்டுச் சுற்று

மார்ச் 9, சனி

வெர்லின் வீட்டுக் கார் கொட்டகையில் இன்று ஏழு புட்டி திறந்தோம். வெர்லின் எங்கள் விஸ்கி சங்கத்தின் தலைவர். மூக்கைக் கோப்பைக்குள் விட்டு, கண்ணை மூடி, அரை நிமிடம் சாமி வந்தவர் மாதிரி நின்றார். பிறகு அருள்வாக்கு: “பழைய குதிரைச் சேணம்… மழையில நனைஞ்ச புகையிலைக் கொட்டகை… கடைசியில ஒரு செர்ரிப் பழம், கொஞ்சம் வெக்கப்பட்டுக்கிட்டு.”

வெட்கப்படும் செர்ரி! மற்ற மூன்று பேரும் உடனே தலையாட்டினார்கள். சாணி என்று சொல்லியிருந்தால் அந்த வாசமும் அவர்களுக்கு வந்திருக்கும்.

லைல் ரென்ஃப்ரோ பல் டாக்டர். நாள் முழுக்கக் கிராம்புத் தைலத்தில் ஊறுகிற மூக்கு. ஐஸ் வேறு போட்டுக்கொள்வார். “நல்லா இருக்கு” என்றார். நான் சேர்ந்த நாளிலிருந்து எல்லாப் புட்டிக்கும் அதேதான். இல்லாவிட்டால் “பரவாயில்ல”.

ஜூனில் பீப்பாய்த் தேர்வு. வருடா வருடம் சங்கம் ஒரு முழுப் பீப்பாய் வாங்கும். தேர்ந்தெடுப்பவர் பெயரும் அவர் சொன்ன வர்ணனையும் புட்டிச் சீட்டில் அச்சாகும். பத்து வருடமாக வெர்லின்தான். போன வருடத்துச் சரக்கு ஈரப் பலகையை நக்கியது போல இருந்தது. முகத்துக்கு நேரே சொன்னேன்.

“உன் லேப் மெஷினுக்கு நாக்கு இருக்கா, தம்பி?” என்றார். கொட்டகையே சிரித்தது.

வடிசாலை ஆய்வகத்தில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். பர்பன் விஸ்கிக்குள் என்னென்ன இருக்கிறது என்று ஐந்தாம் தசமம் வரை சொல்வேன். இந்த வருடம் நான்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தச் சீட்டில் என் பெயர் வர வேண்டும்.

மார்ச் 12

வழி கிடைத்துவிட்டது. மூன்று கோப்பை வைப்பது. இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். எட்டுச் சுற்று. வர்ணனை கிடையாது, செர்ரி கிடையாது, கை காட்டினால் போதும்.

மார்ச் 23

வெர்லின் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொள்ளாமல் என்ன செய்வார், எல்லோர் முன்னாலும் கேட்டேனே. ஜெயிப்பவர் பீப்பாயைத் தேர்ந்தெடுப்பார். கடைசியில் வருபவர் வருடம் முழுக்க ஊற்றிக் கொடுத்து, கோப்பை கழுவ வேண்டும். கழுவும் விதியைச் சேர்த்ததும் நான்தான். வெர்லின் நுரைக்குள் கைவிட்டு நிற்பதை நினைத்தாலே இனிக்கிறது.

என் நடைமுறைகள்: நிறம் தெரியாதபடி நீலக் கோப்பை. பதில் எழுதும் தாளில் பேர் வேண்டாம், ஆளுக்கொரு எண் மட்டும். பென்சில் கூடாது, பேனாதான் (வெர்லினை நம்ப முடியாது). ஊற்றுவது வெர்லினின் மனைவி நதீன், கதவுக்குப் பின்னால். எந்தச் சுற்றில் எது வேறு என்ற விடைத்தாள் இரண்டு பிரதி.

“ரெண்டு எதுக்குப்பா?” என்றார் நதீன்.

“ஒண்ணு தொலைஞ்சா?”

“பல் விளக்குறதுக்கும் ரெண்டு பிரஷ்ஷா உனக்கு?”

மார்ச் 30

சரக்கு முடிவாகிவிட்டது. பர்பனில் மக்காச்சோளம் அதிகம், ரை விஸ்கியில் ரை தானியம் அதிகம். சாதாரண ஜோடி என்றால் குழந்தைகூடச் சொல்லிவிடும். நான் எடுத்திருப்பது ரை நிறையப் போட்ட பர்பன் ஒன்று, சட்டத்துக்குப் பயந்து பாதிக்குக் கொஞ்சம் மேலே மட்டும் ரை போட்ட ரை ஒன்று. பங்காளிகள் மாதிரி இருக்கும். வெர்லின் தொலைந்தார்.

வீட்டில் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தேன். எனக்கு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறது. ரையில் மிளகு குத்துகிறது.

ஏப்ரல் 13, சனி

சோதனை முடிந்தது. வெர்லின் வியர்த்தார். லைல் ஐஸ் இல்லையா என்று கேட்டார், ஒவ்வொரு சுற்றையும் பத்து விநாடியில் முடித்துவிட்டுப் பன் மாதிரி இருக்கும் பிஸ்கட்டுக்குள் ஹாம், அதாவது உப்புப் பன்றிக்கறி, வைத்துத் தின்றார். எனக்கு மூன்றாம் சுற்றில் கொஞ்சம் குழப்பம். ஐந்திலும். பரவாயில்லை.

நதீன் எல்லோர் தாளையும் விடைத்தாளின் ஒரு பிரதியையும் உறையில் போட்டுக் கொடுத்தார். “நீயே கூட்டிக்க. கணக்குப் புலி நீதானே.”

ஏப்ரல் 14

எண் 4: எட்டுக்கு ஒன்று.

எண் 4 நான்.

மறுபடி பார்த்தேன். ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு கை காட்டினாலே இரண்டு மூன்று வருமே! இது எப்படி — சவரம் செய்த பிறகு பூசினேனே, அந்த வாசனையா? காலையில் குடித்த காபியா? அந்த எழவு ஹாமா?

வெர்லின் மூன்று. மற்றவர்கள் இரண்டு, மூன்று, நான்கு. லைல் எட்டு. எட்டுக்கு எட்டு. கிராம்பு மூக்கு!

இந்தச் சனியன் பிடித்த தாளை எவன் பேனாவில் எழுதச் சொன்னான்?

ஏப்ரல் 16

எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன்: “கோப்பை கழுவியதில் சோப்பு வாசனை இருந்ததால் சோதனை செல்லாது. ஜூனில் நாம் கலந்து பேசி முடிவு செய்வோம்.” கோப்பைகளைக் கழுவியது நதீன். அதைக் குறிப்பிடவில்லை. குறிப்பிடவும் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும்.

ஏப்ரல் 17

வெர்லினிடமிருந்து பதில்: “சோப்பா? எனக்கும் பட்டுச்சு தம்பி!” சோப்பே இல்லை. அவருக்குப் பட்டதாம்.

மே 4, சனி. டெர்பி நாள்

வெர்லின் கொல்லையில் பர்கூக் குழம்பு கொதித்தது. ஆட்டுக்கறி, கோழி, மக்காச்சோளம், அகப்பட்டதெல்லாம் அதற்குள். டெர்பி குதிரைப் பந்தயத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம். லைல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனை நீட்டினார்.

“வீட்டுக்காரிக்குக் காட்டலாம்னு என் தாளைப் படம் எடுத்து வெச்சேன். செல்லாதுன்னா செல்லாதுதான். சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன், எத்தனை சரி?”

“ஞாபகம் இல்ல டாக்டர்.”

அப்போது அடுப்படியிலிருந்து நதீன்: “இரு, இரு. பிரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சிருக்கேன்.” விடைத்தாளின் இரண்டாம் பிரதி. காந்தக் குதிரை ஒன்றின் காலடியில் மூன்று வாரமாகத் தொங்கியிருக்கிறது. “ரெண்டு எழுதச் சொன்னது நீதானேப்பா? என் கோப்பையில சோப்பு வாசம்னு நீ எழுதினதையும் பக்கத்துலயே ஒட்டியிருக்கேன்.”

சத்தமாகப் படித்தார். லைல் விரலால் எண்ணினார். எட்டு.

“மத்தவங்க தாள் எங்க?” என்றார் வெர்லின்.

தூக்கிப் போட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆய்வகப் பழக்கம், தாளைக் கிழிக்க எனக்குக் கை வராது. “கார்ல” என்றேன். காருக்குப் போய்ச் சாவியைச் செருகி ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். ஓட்டிக்கொண்டு போயிருந்தால்? போகவில்லை. ஏன் என்று இன்னும் தெரியவில்லை.

நதீன்தான் படித்தார். வெர்லினுக்கு மூன்று. “நாலாம் நம்பர், ஒண்ணு” என்றதும் வெர்லின் சிரிக்க ஆரம்பித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அடேய் விஞ்ஞானி! இன்னிக்குப் பந்தயத்துல இருக்கிற நொண்டிக் குதிரையே உன்னைவிட நல்லா மோந்து பாக்குமேடா!”

நான் புறப்படும்போது வெர்லின் வாசல் வரை வந்தார். சிரிப்பு போயிருந்தது. “அந்த செர்ரி இருந்துச்சுடா. நெசமா.”

இருந்திருக்கலாம் என்றேன். நதீனிடம் மன்னிப்புக் கேட்டேன். “கழுவும்போது சோப்பை நல்லா அலசு” என்றார்.

மே 7

ஆய்வகத்தில் எனக்கு முதலில் அறிக்கை வருகிறது, அப்புறம்தான் கோப்பை. நான்கு வருடமாக நான் முகர்ந்தது காகிதத்தைத்தான். வீட்டில் குத்தியதே அந்த மிளகு — புட்டியில் ‘ரை’ என்று எழுதியிருந்தது, குத்தியது.

ஜூன் 1, சனி

பீப்பாய்க் கிடங்கு. செப்புக்குழாயால் மூன்று பீப்பாயிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். மூன்றாவதுதான் என்று மனதுக்குள் பந்தயமே கட்டியிருந்தேன். லைல் மூன்றையும் ஒரு முறை முகர்ந்தார், இரண்டாவதைத் தொட்டார்.

“நல்லா இருக்கு.”

“சீட்டுல என்ன போடறது டாக்டர்?” என்றார் வெர்லின், ஏக்கத்தோடு.

“அதான் சொன்னேனே.”

ஜூலை 20, சனி

புட்டிகள் வந்துவிட்டன. சீட்டில்: லைல் ரென்ஃப்ரோ. நல்லா இருக்கு.

நிஜமாகவே நன்றாகத்தான் இருக்கிறது, எழவு.

எல்லோரும் போன பிறகு கோப்பைகளைக் கழுவித் திரும்பினால் மேசையில் நீலக் கோப்பைகள் மூன்று. கதவுக்குப் பின்னால் நதீன். ஆறு வாரமாக இது நடக்கிறது, வெர்லின் தூங்கப் போன பிறகு. எட்டுச் சுற்று முடித்தேன். பேனாவில்தான் எழுதினேன்.

எட்டுக்கு மூன்று. பிரதி பிரிட்ஜ் கதவில் இருக்கிறது.