கடலோனின் பூசாரி கேட்ட ஜெபம்

வியாழக்கிழமை பின்னேரம் உன் அம்மா வந்து, ஒரு பழைய பிஸ்கட் டின்னை என் சாப்பாட்டு மேசையில் வைத்தார். மூடியைத் திறந்ததும் பூச்சி உருண்டை வாசம் எழுந்தது. அலுமாரியில் உன் சீலைகளுக்கு நடுவே இருந்ததாம். உள்ளே உன் பகடைகள், கனடாவிலிருந்து உன் மச்சாள் அனுப்பியவை. நாலு முகம், எட்டு முகம், பழுத்த மாம்பழ நிறத்தில் அந்த இருபது முகம். நான் ஒன்றையும் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்று எனக்கே விளங்கவில்லை.

தேத்தண்ணி வேண்டாம் என்றார் அன்ரி. உன் அம்மா தேத்தண்ணியை வேண்டாம் என்றால் விஷயம் பெரியது என்று உனக்குத் தெரியும்.

“கொழும்பில இருந்து ஒரு ஊழியக்காரர் ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர் பிள்ளை. மந்திரவாதி, பூசாரி எண்டு வேஷம் போட்டு விளையாடுறது பிசாசுக்குக் கதவு திறந்துவிடுற மாதிரியாம். கூட்டம் முடிய நான் போய் இவளைப் பற்றிச் சொன்னனான். எல்லாத்தையும் எரிச்சுப்போடச் சொல்லுறார்.” பிறகு டின்னை என் பக்கம் தள்ளினார். “அவளைக் கொண்டுபோன அந்த வருத்தம் அதாலயோ வந்தது? நீயும் கூட விளையாடினனீதானே. நீ சொல்லு.”

ஞாயிறு ஆராதனை முடிய வந்து பதில் கேட்பதாகச் சொல்லி, டின்னை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். நீ போனபோது அவர் அழுததையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்த முகத்தில் இருந்தது அழுகை இல்லை, பயம். தன் பிள்ளை கர்த்தரிடம்தான் போனாளா என்ற பயம். அதற்குப் பதில் சொல்ல என்னைத் தேடி வந்திருக்கிறார், பார்.

பாலையூற்றில் உன் வீட்டு விறாந்தையில்தான் எல்லாம் தொடங்கியது. சனிக்கிழமை சபைக் கோயிலில் பாடகர் குழுப் பயிற்சி முடிய நீயும் நானும் அங்கே வந்துவிடுவோம். உப்புவெளியிலிருந்து சுதன் சைக்கிளில் வருவான், கிண்ணியாவிலிருந்து ரிஸ்வான் பஸ்ஸில் வருவான். இருவரும் உன்னோடு துறைமுகத்துப் பக்கம் ஒரே கந்தோரில் வேலை செய்தவர்கள். நீ கதை சொல்வாய். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் இறங்கி, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வோம். தப்பினோமா விழுந்தோமா என்பதைப் பகடை சொல்லும். உன் கதையின் நாட்டுக்கு நம் துறைமுகத்தின் வரைபடத்தையே தலைகீழாகத் திருப்பி வைத்திருந்தாய். அந்த நாட்டுக் கடலுக்குக் கடலோன் என்று ஒரு தெய்வம். ஞாயிறு பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுக்கும் என்னைப் பிடித்து அந்தக் கடலோனுக்குப் பூசாரியாக்கினாய். உனக்குக் குசும்பு கூட.

இந்த விளையாட்டைப் பற்றிய கதை கோயிலுக்கு எட்டாமல் இருக்குமா? சபைச் செயலாளர் ஒருநாள் வாசலில் நம்மை மறித்தார். “பிள்ளையள், இல்லாத தெய்வத்தைக் கும்பிட்டு விளையாடுறது நல்லதில்லை” என்றார். நத்தார் ஒளிவிழா நாடகத்தில் வருடா வருடம் ஏரோது ராஜாவாக நடிப்பவர் அவர். நீ விடுவாயா?

“ஐயா, மேடையில நிண்டு பச்சைப்பிள்ளையளை வெட்டச் சொல்லிக் கத்துறது நீங்கள்தானே. அது உங்கட பாவமோ?”

“அது வேதத்தில இருக்கிற கதை. இது ஆரோ உண்டாக்கின கதை.”

“ஆண்டவர் சொன்ன உவமையளும் உண்டாக்கின கதையள்தானே ஐயா.”

நீ வென்றுவிட்டாய் என்றுதான் நினைத்தேன். அவர் கோபிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். “நான் ஏரோதா நிக்கிறது கால் மணித்தியாலம். நீங்கள் மாசக்கணக்கா அதுக்குள்ள இருக்கிறியள். அதைத்தான் நான் யோசிக்கிறன்.” நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாய். அவர் சொன்னது பிழை என்று எனக்கு அன்றைக்கும் சொல்ல முடியவில்லை, சரி என்றும் சொல்ல முடியவில்லை. கோயிலில் நிற்கும்போது அவர் பக்கம் நியாயம் தெரிந்தது, உன் விறாந்தைக்கு வந்தால் உன் பக்கம் தெரிந்தது.

பிறகுதான் அது நடந்தது. சுதனின் வீரனைக் குகையில் பாம்பு கடித்துவிட்டது. பூசாரி கடலோனிடம் கேட்டு அவனைக் காப்பாற்ற வேண்டும். நான் வழக்கம்போல “கும்பிடுறன்” என்று சொல்லிப் பகடையை எடுக்கப் போனேன். நீ கையைப் பிடித்துக்கொண்டாய். “சும்மா கும்பிடுறன் எண்டு சொல்லாத. எழும்பி நிண்டு கேள்.”

எழும்பினேன். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு என்னவோ ஆகிவிட்டது. ஆழத்தை ஆளுகிறவனே, இவன் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை, இவன் மூச்சை இப்போது எடுத்துக்கொள்ளாதே என்று கேட்டேன். சிறு வயது முதல் ஜெபித்துப் பழகிய நாக்கு அல்லவா, அது முடிவில் தன்பாட்டில் ஓடியது. “இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே, ஆமென்.” நீ ஆமென் என்றாய். ரிஸ்வான் ஆமீன் என்றான். சுதன் இரண்டு கையும் கூப்பிக் கும்பிட்டான்.

அடுத்த நிமிடம் மேசையே சிரித்தது. “இப்ப ஆர் வந்து சுகப்படுத்துறது? ஒரு முடிவுக்கு வாங்கோ, பெடியன் சாகப்போறான்” என்றான் ரிஸ்வான். நீ மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் போன பிறகு கோப்பைகளை எடுத்துக்கொண்டே சொன்னாய். “கோயில்ல நீ ஜெபிக்கேக்க வாசிக்கிற மாதிரி இருக்கும். இண்டைக்குத்தான் நீ கேட்டனீ.” எனக்குக் கோபம் வந்தது, உன்னிலா என்னிலா என்று தெரியாத கோபம். அடுத்த சனிக்கிழமை தலையிடி என்று சொல்லி வராமல் விட்டேன். அதற்கடுத்த சனிக்கிழமை வந்துவிட்டேன்.

உனக்கு வருத்தம் வந்த பிறகு விளையாட்டு நின்றது. ஆஸ்பத்திரியில் மத்தியானம் பார்க்க விடும் நேரத்தில் ஓடி வருவேன். போதகர் ஜெபித்துவிட்டுப் போயிருந்தார், பெண்கள் ஐக்கியத்தார் பாட்டும் படித்துவிட்டுப் போயிருந்தார்கள். நீ என் கையைப் பிடித்து, நீயும் ஜெபி என்றாய். நான் கண்ணை மூடி, பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே என்று தொடங்கினேன்.

“உது வேண்டாம். அவளைக் கூப்பிடு.”

“ஆரை?”

“பூசாரியை.”

பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து உன் காதோரம் கேட்டேன். எடுத்துக்கொள்ளாதே என்று கேட்டேன். எடுப்பதென்றால் இவள் பயப்படாமல் இருக்கட்டும் என்றும் கேட்டேன். என் வாழ்க்கையில் அப்படி ஒருமுறையும் கேட்டதில்லை. நீ ஆமென் சொன்னது நினைவிருக்கிறது. ஆனால் யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன் என்பது மட்டும் நினைவில் இல்லை. எத்தனை முறை யோசித்தும் வரவில்லை. அந்தக் கிழமையே நீ போய்விட்டாய்.

இன்றைக்கு ஞாயிறு. சொன்னபடியே அன்ரி வந்தார். ஏரோது கதை, உவமைக் கதை எல்லாவற்றையும் பதிலாக அடுக்கி வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அதையெல்லாம் விட்டுவிட்டேன். “எனக்குத் தெரியாது அன்ரி” என்று உண்மையைச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு, “அந்த விளையாட்டுக்குள்ள அவள் என்னவா இருந்தவள்? மந்திரவாதியோ?” என்று கேட்டார்.

“இல்லை அன்ரி. அவள்தான் கதை சொல்லுறது. அப்ப எங்களைத் தவிர மிச்ச எல்லாரும் அவள்தான். கள்ளரும் அவள்தான், ராசாவும் அவள்தான். ஒரு சத்திரக்காரியும் இருந்தவ.”

“அது ஆர்?”

சொல்லி விளங்கப்படுத்த ஏலாது என்று நானே எழும்பி, நீ செய்வது போல இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சத்திரக்காரியின் குரலில் சொல்லிக் காட்டினேன். “பேயோட சண்டை பிடிக்கப் போறதெண்டாலும் முதல்ல இருந்து சாப்பிடுங்கோ. வெறும் வயித்தோட போனா அது பேய்க்குத்தான் வசதி. சாப்பாட்டுக் கோப்பையில மிச்சம் வச்சா வெளிய விடமாட்டன்.”

அன்ரி என்னையே பார்த்தார். “அது நான் கதைக்கிற கதையெல்லே.”

“ஓம் அன்ரி. ஒவ்வொரு கிழமையும் வருவா. நாங்கள் எங்க போனாலும் அவவிட்ட சாப்பிட்டிட்டுத்தான் போறது. அவள் விடமாட்டாள்.”

“அப்ப நானும் அவளோட அதுக்குள்ள இருந்தனான்” என்றார். சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். எழும்பி டின்னை எடுத்து மூடினார். “நான் நிண்ட இடத்துக்குப் பிசாசு வந்திருக்காது பிள்ளை. வர விட்டிருக்கமாட்டன்.” பிறகு தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டதை அவரிடம் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன், அதுவும் உனக்குத் தெரிந்ததையே. இப்போதும் கோயிலில் முழங்காலில் நின்றால் என் குரலுக்கு ஒன்றும் வருவதில்லை, வாசிப்புத்தான் வருகிறது. பூசாரியின் குரல் வந்தால்தான் கேட்க முடிகிறது. அவள் நீ உண்டாக்கின ஆள், அவளுடைய தெய்வமும் நீ உண்டாக்கின தெய்வம், கேட்பது மட்டும் உண்மையாக இருக்கிறது. அது எங்கே போய்ச் சேருகிறது என்று தெரியாது. செயலாளர் பயந்தது இதற்குத்தானோ என்றும் தெரியாது. இன்று காலையும் அவளைத்தான் கூப்பிட்டேன். அன்ரி பதில் கேட்டு வரப்போகிறாரே, அவருடைய பயத்தை எடுத்துவிடு என்று கேட்டாள்.