வர்ஷினி எடுத்துக்கொண்ட விரதம்

வேலம்பாளையம்,
பங்குனி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சத்யாவுக்கு அப்பா எழுதுவது. அந்த ஊர்க் குளிரும் காய்ச்சலும் உன்னை அண்டாமல் இருக்கட்டும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன். இங்கே நான், உன் அண்ணன் செந்தில்வேல், அண்ணி சித்ரா, குட்டி வர்ஷினி நாலு பேரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். மனசு எப்படி என்று கேட்டால், அதற்குத்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப் இருக்கும்போது யாருப்பா காகிதத்தில் எழுதுவது என்று செந்தில் கேட்டான், போட்டோ எடுத்து அனுப்பட்டுமா என்றும் கேட்டான், வேண்டாம் என்று கையாட்டிவிட்டேன். இதில் இருப்பது முக்கால்வாசி அவனுக்குத் தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் நீ தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டியது, அதனால் தபாலிலேயே வரட்டும்.

நீ அங்கே போய்த் திக்குவாயைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று சொன்னபோது எனக்குப் பெருமையும் கூச்சமும் சேர்ந்து வந்தது. ஊரில் எத்தனையோ படிப்பு இருக்க, அப்பனுடைய வாயைத்தானா பிடித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். போன தீபாவளிக்கு நீ போனில், அப்பா, எங்கள் ஆராய்ச்சியில் திக்குகிறவர்களிடம் எல்லாம் ஒன்று கேட்கிறோம், வார்த்தை வராமல் நிற்கும்போது மனசுக்குள் என்ன ஆகிறது, நீங்கள் சொல்லுங்களேன் என்று கேட்டாய். ஒன்றும் இல்லை என்று தலையாட்டிவிட்டு போனைச் சித்ரா கையில் கொடுத்துவிட்டேன். உனக்கு அது வருத்தமாகத்தான் இருந்திருக்கும். அதற்கான பதிலும் இந்தக் கடிதத்தில் வரும், பொறுமையாகப் படி.

என் பேரைக் கேட்டால்தான் எனக்கு ரொம்பத் திக்கும். ஆதார் எடுக்கப் போன இடத்தில் அந்தப் பையன் பேர் என்னங்க என்று கேட்டதும் என் வாய் ஆவென்று திறந்தபடி நின்றுவிட்டது, பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள், உன் அம்மாதான் ஆறுமுகசாமிங்க என்று சொன்னாள். முருகா என்று கூப்பிட வராது, அதனால்தான் எப்போதும் சாமி சாமி என்பேன், ஊரார் அதைப் பணிவு என்று நினைத்துக்கொண்டார்கள். இன்னொன்று சொன்னால் நீ சிரிப்பாயோ அழுவாயோ தெரியாது. உனக்கும் உன் அண்ணனுக்கும் பேர் வைக்கும்போது அம்மா வேறு என்னென்னவோ பேர் சொன்னாள், நான்தான் ஒற்றைக்காலில் நின்று செந்தில்வேல், சத்யப்பிரியா என்று வைத்தேன். எனக்கு அந்த ச எழுத்துதான் அவ்வளவாகத் தடுக்காமல் வரும். பெற்ற பிள்ளையைக் கூப்பிடும்போதாவது நிற்காமல் கூப்பிட வேண்டும் என்று ஆசை. பேத்தி பிறந்தபோது அண்ணனும் அண்ணியும் ஜாதகம் பார்த்து வர்ஷினி என்று வைத்தார்கள், நல்ல பேர்தான், நான் என்ன சொல்வது. அவளை இத்தனை வருஷமும் கண்ணு, கண்ணு என்று மட்டும்தான் கூப்பிட்டேன், பாசத்தில் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பனியன் துணி பின்னும் நிட்டிங் வேலைக்கு நான் வந்ததும் இதனால்தான். அத்தனை மிஷினும் ஓடும் சத்தத்தில் அங்கே யாரும் பேச முடியாது, எல்லாம் கை ஜாடைதான். இரண்டு விரலைத் தேய்த்தால் நூல் தீர்ந்துவிட்டது, உள்ளங்கையை விரித்து நீட்டினால் மிஷினை நிறுத்து, பொறு என்று அர்த்தம். அங்கே நான் மற்றவர்களைப் போல ஒரு ஆள். புதிதாக வந்த பீகார்ப் பையன்கள் எனக்கும் தமிழ் தெரியாது என்று நினைத்து ஒரு மாதம் எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் கற்றுக்கொண்டேன். வெளியே வந்தால் எனக்காகப் பேச உன் அம்மா இருந்தாள். நான் முதல் எழுத்தை ஆரம்பித்தால் மிச்சத்தை அவள் முடித்துவிடுவாள், முக்கால்வாசி சரியாகத்தான் இருக்கும். தப்பாக இருந்தாலும் ஆமாம் என்று விட்டுவிடுவேன், திருத்த வேண்டுமென்றால் மறுபடியும் பேச வேண்டுமே. ஆஸ்பத்திரியில் அவளை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டு போவதற்கு முன்னால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். ப, ப என்று நின்றதும், பசிக்குதுங்களா, போய் ரெண்டு இட்லி தின்னுட்டு வாங்க என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டுப் போய் இட்லி தின்றேன் சத்யா. திரும்பி வருவதற்குள் உள்ளே கொண்டு போய்விட்டார்கள், அப்புறம் அவளுக்கு நினைவு திரும்பவே இல்லை. நான் பயந்தது அவளுக்குத் தெரியாமலே போய்விட்டது. இதை இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆவணி வாக்கில் நம் வர்ஷினிக்கும் பேச்சு நிற்க ஆரம்பித்தது. முதலில் விளையாட்டு என்று நினைத்தோம், அப்புறம் ஒவ்வொரு வார்த்தையின் தலையிலும் அவள் கண்ணை இறுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன், அது என் முகம் சத்யா, கண்ணாடியில் பார்த்த மாதிரி இருந்தது. வசம்பை இழைத்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவினார்கள், பூசாரியிடம் கூட்டிப்போய் விபூதி போட்டார்கள், நாக்கை நீட்டு நீட்டு என்று வருகிறவர்கள் எல்லோரும் பார்த்தார்கள், பிள்ளை மிரண்டு போனதுதான் மிச்சம். தை மாதம் ஒரு நாள் சித்ரா என் பக்கத்தில் வந்து நின்று, மாமா, தப்பா நினைச்சுக்காதீங்க, உங்க கூடவே இருந்துதான் குட்டிக்கும் தொத்திக்கிச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க, அவ முன்னாடி கொஞ்ச நாளைக்குப் பேச்சைக் குறைச்சுக்கறீங்களா என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குக் கண்ணில் தண்ணீர். நீ அவள்மேல் கோபப்படாதே, பெற்றவளுக்கு என்ன செய்தாவது சரியானால் போதும் என்றுதான் இருக்கும். இது ஒருவரைப் பார்த்து ஒருவருக்கு ஒட்டுவதில்லை, குடும்பத்தில் வழிவழியாக வருவதுதான் உண்டு என்று நீ சொல்லியிருக்கிறாய், எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அதை எடுத்துச் சொல்ல வேண்டுமென்றால் அவள் முன்னால் நின்று பேச வேண்டும். அதோடு, ஒட்டவில்லை, ரத்தத்தில்தான் வந்தது என்றால் மட்டும் நான் தப்பித்துவிடுவேனா, எப்படிப் பார்த்தாலும் என்னிடமிருந்து வந்ததுதானே என்று நினைத்து, சரி என்று தலையாட்டிவிட்டேன்.

திடீரென்று மாமனார் பேச்சை நிறுத்தினால் காலனியில் சித்ராவைத்தான் குறை சொல்வார்கள். அதனால் ஒரு யோசனை செய்தேன். அலகு குத்த முடியாதவர்கள் சிலர் வாய்ப்பூட்டு என்று மஞ்சள் துணியை வாயில் கட்டிக்கொண்டு பேசாமல் இருப்பார்கள் அல்லவா, அது மாதிரி பேத்திக்காகத் தைப்பூசம் முதல் பங்குனி உத்திரம் வரைக்கும் விரதம் என்று சொல்லி நானும் ஒரு துணியை மஞ்சளில் நனைத்துக் கட்டிக்கொண்டேன். அண்ணன் உன்னிடம் போனில் சொன்னபோது, அப்பாவுக்கு எதற்கு விரதம், அவர் சும்மாவே பேச மாட்டாரே என்று நீ கேலி செய்தாய், நானும் துணிக்குள் சிரித்தேன். கம்பெனியில் மதுரைப்பக்கத்து முனீஸ், அண்ணே, எம்பொண்டாட்டியவும் இந்த விரதத்துல சேத்துவிடுங்கண்ணே, புண்ணியமாப் போகும் என்றான். எதிர்வீட்டு நஞ்சம்மாள் அக்கா என்னைக் கண்டால் கையெடுத்துக் கும்பிட ஆரம்பித்துவிட்டாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது சுகமாகக்கூட இருந்தது. திக்குகிறவனுக்குக் கிடைக்காத மரியாதை பேசாதவனுக்குக் கிடைத்தது.

அப்பாரு, அப்பாரு என்று என்னையே சுற்றி வரும் குட்டியும் நானும் கை ஜாடையில் பேசிக்கொண்டோம். கம்பெனி ஜாடை எல்லாம் அவளுக்கு அத்துப்படி, நூல் தீர்ந்துவிட்டது என்பதை அவள் சோறு தீர்ந்துவிட்டது என்பதற்கு வைத்துக்கொண்டாள். அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்ததை நாங்கள் யாரும் பேச்சு குறைந்ததாகப் பார்க்கவில்லை, திக்குவது குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம் சத்யா. சாமி கண் திறந்துவிட்டார் என்று சித்ரா சர்க்கரைப் பொங்கல்கூட வைத்தாள். போன வாரம் பள்ளிக்கூடத்து மிஸ் போன் செய்து, ஏனுங்க, பாப்பா கிளாஸ்ல வாயே திறக்கறதில்லீங்களே, பேர் கூப்பிட்டாக்கூட கையைத்தான் தூக்கறா, ஊட்ல ஏதாவது பிரச்சினைங்களா என்று கேட்டது. சித்ரா பையைத் திறந்து பார்த்தால் பென்சில் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் துணி மடித்து வைத்திருந்தது. என் துணியின் ஓரத்தைக் கத்தரித்து எடுத்திருக்கிறாள். பிள்ளைகள் அவள் பேரையே இழுத்து இழுத்துச் சொல்லிக் கேலி செய்தார்களாம், இவள் மத்தியான இடைவேளையில் அதை எடுத்து வாயில் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவாளாம். எதுக்கு கண்ணு இப்படிச் செஞ்ச என்று சித்ரா மடியில் வைத்துக் கேட்டதற்கு, அப்பாருக்கு மாதிரி எனக்கும் வாய் நல்லா இல்லைல்ல, நல்லா இல்லாத வாயைக் கட்டித்தானே வைக்கோணும் என்று சொன்னாள். அவள் எங்கெங்கே நின்று நின்று சொன்னாள் என்பதை எழுதவில்லை, எழுத்தில் திக்காது. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் திக்கல் அவளுக்கு ஒட்டிவிடக்கூடாது என்று வாயைக் கட்டினேன், என் வெட்கத்தை அவளுக்கு ஒட்டவைத்துவிட்டேன்.

சித்ரா வெளியே வந்து, மாமா, பேசுங்க, எப்படி வந்தாலும் பரவாயில்லீங்க, அவகிட்டப் பேசுங்க என்று அழுதாள். உத்திரத்துக்கு இன்னும் நாள் இருந்தது. பாதியில் அவிழ்த்தால் சாமி குத்தம் என்று செந்தில் தயங்கினான். நான் சாமிக்கு என்று நேர்ந்துகொள்ளவே இல்லையே, அவர் பேரைச் சொல்லி ஒளிந்துகொண்டேன், அவ்வளவுதான், குத்தம் வந்தால் எனக்கு வரட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு துணியை அவிழ்த்துக் குட்டியின் எதிரே தரையில் உட்கார்ந்தேன். அவள் பிறந்ததிலிருந்து நான் சொல்லாத அந்தப் பேரைச் சொல்ல ஆரம்பித்தேன். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது, கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது, அவள் முன்னால் என் முகம் எப்படிக் கோணியதோ தெரியாது. உன் அண்ணன் பழக்கதோஷத்தில் எனக்காக முடிக்க வாயெடுத்தான். அந்தப் பிள்ளை என்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் உள்ளங்கையை விரித்து அவன் பக்கம் நீட்டியது. பொறு என்று. எங்கள் கம்பெனி ஜாடை. அவன் நின்றுவிட்டான். எவ்வளவு நேரம் ஆனதோ, நான் அவள் பேரை முழுதாகச் சொல்லி முடித்தேன். அதுவரைக்கும் அவள் கை இறங்கவில்லை.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான் சத்யா. வார்த்தை நிற்கும்போது நான் எதிரே இருப்பவர் முகத்தைத்தான் பார்க்கிறேன். அதில் அவசரம் இருக்கும், இரக்கம் இருக்கும், சிரிப்பை அடக்குவது இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து, சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்கிவிட்டு வேறு எதையாவது சொல்லிவிடுவேன், இல்லாவிட்டால் ஆமாம் என்றுவிடுவேன். இந்த வயசில் முதல் தடவையாக ஒரு முகத்தில் அது ஒன்றும் இல்லை. உன் அம்மா என்மேல் உயிரையே வைத்திருந்தாள், அவளுக்கும் காத்திருக்கத் தெரியவில்லை. வேண்டுமானால் இதை உன் ஆராய்ச்சியில் எழுதிக்கொள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. வர்ஷினி என்னோடு மட்டும் பேசுகிறாள், பள்ளிக்கூடத்தில் இன்னும் வாய் திறக்கவில்லை, பேர் கூப்பிட்டால் கைதான் தூக்குகிறாளாம். அந்தத் துணியைச் சித்ரா எடுத்து வைத்ததும் வாயில் கட்ட வேறு ஏதாவது கிடைக்குமா என்று பிள்ளை தேடுகிறாள். கோயம்புத்தூரில் இதற்கென்று பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர்கள் இருக்கிறார்களாம், சித்ரா கூட்டிப்போகத் தயாராக இருக்கிறாள், யாரிடம் போனால் நல்லது, பிள்ளையிடம் நாங்கள் எப்படிப் பேச வேண்டும், மிஸ்ஸிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நீ விவரமாக அண்ணிக்கு எழுது. அவளைக் குத்திக்காட்டாமல் எழுது. நீயும் வேலை வேலை என்று ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிடாதே, தலைக்கு எண்ணெய் வை.

உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுசும் கொடுத்து, எடுத்த படிப்பை நல்லபடியாக முடிக்க வைக்கச் சாமி துணை இருக்கட்டும். கடைசியாக ஒன்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போனை நான்தான் எடுப்பேன், வர்ஷினி பக்கத்தில் இருப்பாள். அம்மா போன அன்று நீ வந்து இறங்கியதிலிருந்து உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று இருக்கிறது, இதில் எழுத மாட்டேன், வாயால்தான் சொல்வேன். முதல் எழுத்திலேயே நின்றுவிடுவேன், லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே, என்ன சொல்ல வருகிறேன் என்று உனக்குத் தெரிந்தாலும் நீ சொல்லிவிடாதே. காத்திரு.

இப்படிக்கு
உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடும்
அப்பா,
ஆறுமுகசாமி