பஃபிங் போட்ட யானைக் காசு

என் தங்கமான அண்ணே, உனக்கு உன் தங்கச்சி ஷமீமின் சலாம்.

முதலில் சந்தோஷமான சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் காசு மியூசியத்தில் இருக்கிறது. சும்மா இல்லை, பல்கலைக்கழக மியூசியம், கண்ணாடிப் பெட்டி, உள்ளே விளக்கு. எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் கூத்து.

நீ எங்களை விட்டுப் போன பிறகு அண்ணிக்கு ஒரே ஆசை, உன் பேர் எங்கேயாவது எழுதியிருக்க வேண்டும் என்று. "கம்பெனியில அத்தனை வருசம் வேலை பார்த்தாரு. எந்தப் பார்ட்டுலயாவது அவரு பேரு இருக்குதா?" என்று கேட்டாள். நியாயம்தானே? ஓசூரில் உன் கைபட்ட வண்டி எத்தனை ஓடுகிறதோ, யாருக்குத் தெரியும்? சந்தையிலும் பழைய இரும்புக் கடையிலும் நீ தேடித் தேடி வாங்கினாயே, யானை போட்ட மைசூர் செப்புக் காசுகள், அவற்றை மியூசியத்துக்குக் கொடுத்தால் உன் பேரைப் போடுவார்கள் என்று பையில் போட்டுக்கொண்டு இருவரும் பஸ் ஏறினோம். கிருஷ்ணகிரி தாண்டியும் அண்ணி பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

மியூசியத்தைப் பார்த்துக்கொள்கிற காப்பாட்சியர் அம்மா நல்ல மனுஷி. டீ வரவழைத்தார். பையைக் கவிழ்த்ததும் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"அய்யோ, யாருங்க இப்படித் தேய்ச்சது?"

"எங்கண்ணன்தான். பஃபிங் செக்‌ஷன்ல இருந்தவரு. மெஷின்ல வெச்சாருன்னா கண்ணாடியாட்டம் மின்னும்," என்றேன் பெருமையாக.

"மேல படிஞ்ச பச்சைக் களிம்பு முழுக்கப் போயிடுச்சேம்மா. அது இருந்தாத்தானே காசுக்குப் பாதுகாப்பு? யானை மட்டும் நிக்குது, பின்னாடி எழுத்தே இல்ல."

களிம்பு! அண்ணே, உனக்கு அதைவிடக் கெட்ட வார்த்தை உண்டா? "களிம்பு இருந்தா ரிஜெக்ட்" என்று வீட்டுச் செம்பு முதல் கதவுத் தாழ்ப்பாள் வரை தேய்த்தவன் நீ. அந்த அம்மா அதைப் போய்ப் பொக்கிஷம் மாதிரி பேசுகிறார். எனக்குச் சுர்ரென்று வந்தது. "எடு அண்ணி, போலாம்" என்று எழுந்துவிட்டேன்.

அந்த அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. காசு கொண்டாரவங்க நிறைய பேரு இப்படித்தான் தேய்ச்சுட்டு வர்றாங்க. தேய்க்காதது ஒண்ணும் இதுல ஒண்ணும் பக்கத்துல பக்கத்துல வெச்சா, என்ன செய்யக் கூடாதுன்னு பாக்கறவங்களுக்குப் புரியும். பேரு போட மாட்டேன், கவலைப்படாதீங்க."

என் அண்ணன் காசை ஊரே பார்த்துச் சிரிக்கவா? வாய் வரைக்கும் வந்துவிட்டது. அண்ணி முந்திக்கொண்டாள்.

"பேரு போடுங்கம்மா. அவரு கை வேலைதானே அது? பேரு இல்லாம எதுக்கு?"

"பாக்கறவங்க ஏதாவது பேசுவாங்களேம்மா."

"பேசட்டும். பேசறப்ப அவரு பேரச் சொல்லித்தானே பேசுவாங்க!"

அந்த அம்மா சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கோபம் போன இடம் தெரியவில்லை.

போன வாரம் போய்ப் பார்த்தோம். பச்சையும் கருப்புமாய் எத்தனையோ ராஜாக்களின் காசுகள் வரிசையாக இருக்கின்றன. பர்கூர்ப் பக்கமிருந்து வந்த காலேஜ் பிள்ளைகள் அத்தனையையும் தாண்டி உன் காசு முன்னால்தான் கூட்டமாக நின்றார்கள். "துலக்கியதால் எழுத்து அழிந்த காசு. துலக்கியவர்: அப்துல் கரீம், பஃபிங் தொழிலாளி, ஓசூர்" என்று சீட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு பெண் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "தப்போ ரைட்டோ, ஃபினிஷிங் செமையா இருக்குதுடி!" என்றாள். அண்ணி அதை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொன்னாள். வீட்டுக்கு வந்து உன் மகனிடம் முதலிலிருந்து சொன்னாள்.

நீ இருந்திருந்தால் வருத்தப்பட்டிருப்பாயா? எனக்கென்னவோ, "மத்த ராஜாக்களுக்கும் பாலிஷ் போட்டுத் தரட்டுங்களா?" என்று கேட்டிருப்பாய் என்றுதான் தோன்றுகிறது.

இன்னொன்று, அண்ணே. நேற்று உன் யூனிஃபார்ம் பாக்கெட்டில் ஒரு காசு கிடைத்தது. கடைசியாக வாங்கியது போலிருக்கிறது, மெஷினில் வைக்க உனக்கு நேரம் இருந்திருக்காது. பச்சைப் பசேலென்று களிம்பு. அண்ணி அதை என் கையில் வைத்து மூடினாள். அந்த அழுக்கின் மேல் உன் விரல் பட்டிருக்கிறது. எனக்குக் கை துறுதுறு என்கிறது, நானும் அதே ரத்தம்தானே? ஆனாலும் அல்லா மேல் ஆணை, தேய்க்க மாட்டேன்.

இப்படிக்கு,
களிம்பைப் பத்திரமாக வைத்திருக்கும்
உன் கூடப் பிறந்த தங்கச்சி,
ஷமீம்