வெள்ளாட்டுக்கு வைத்த சத்துமாவு

இன்று காலை அங்கன்வாடியில் சத்துமாவு மூட்டையைப் பிரித்தேன். வறுத்த மாவும் வெல்லமும் கலந்த வாசனை எழுந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. நீ போய் ஒரு வருடமாகிறது. இந்த வாசனை என்னை விடமாட்டேன் என்கிறது.

வருசநாட்டு மலையடிவாரத்தில் உங்கள் ஆட்டுப்பட்டி. மூன்று வருடத்துக்கு முன்பு, மழையில்லாத வருடம் அது. மேய்ச்சலுக்குப் புல்லே கிடையாது. நான்கு மாதக் கைக்குழந்தையோடு வந்து, பாலூட்டும் தாய்க்கான மாவுப் பாக்கெட்டை என்னிடம் வாங்கிப் போவாய். ஒருநாள் உன் வீட்டுப் பக்கம் வந்தேன். அந்த மாவைக் கரைத்து வைத்திருந்த சட்டியில் ஒரு வெள்ளாடு வாய் வைத்துக்கொண்டிருந்தது.

எனக்குத்தான் வாய் நீளமாயிற்றே. "ஏண்டி, ஒனக்குக் குடுத்தா ஆட்டுக்கா வைக்கிற? எத்தன பேரு இதுக்குக் காத்துக் கெடக்காக!" என்று நாலு பேர் பார்க்கக் காய்ச்சி எடுத்தேன்.

"டீச்சர், அது வந்து..." என்றாய்.

"ஒண்ணும் பேசாத" என்றேன். அடுத்த இரண்டு மாதம் உனக்குப் பாக்கெட் கொடுக்கவில்லை. அதை நேர்மை என்று வேறு நினைத்துக்கொண்டேன், பாவி.

எடை போடும் நாளில் உன் மகள் முன்பைவிடக் குறைந்திருந்தாள். உன் புருஷன்தான் சொன்னார்: "இவளுக்குத் தாய்ப்பால் நின்னுபோச்சு டீச்சர். பிள்ளைக்கு மாவுக்கஞ்சி ஒத்துக்கிடல, வெள்ளாட்டுப் பால் மட்டுந்தான் குடிக்கும். ஆடு பால் சுரக்கட்டும்னு தன் மாவ அதுக்கு வச்சா. நீங்க நிப்பாட்டவும் அதுக்கும் மடி வத்திப்போச்சு."

மறுநாளே பாக்கெட்டுகளோடு ஓடி வந்தேன். பிள்ளையை ஆஸ்பத்திரிக்கும் தூக்கிப் போனோம்; தேறிவிட்டாள். "விடுங்க டீச்சர், தெரியாமத்தான பேசுனீக" என்று நீ சொன்னாய். மன்னித்துக்கொள் என்று சொல்ல எனக்குத்தான் வாய் வரவில்லை. போன ஆடியில் காய்ச்சல் வந்து படுத்தாய், எழவில்லை. உடம்பில் ரத்தமே இல்லை என்றார்கள். உன் பங்கு மாவை நீ ஒரு வாயாவது தின்றாயா என்று நான் கடைசிவரை கேட்கவே இல்லை.

உன் மகள் இப்போது என்னிடம்தான் வருகிறாள். இன்று கொடுத்த மாவு உருண்டையில் பாதியைக் கவுன் பைக்குள் ஒளித்தாள். அதட்ட வந்த நாக்கை அடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இது யாருக்குத் தாயி?"

"ஆட்டுக்கு."

இன்னோர் உருண்டை பிடித்துக் கொடுத்தேன். "இது ஆட்டுக்கு. பையில இருக்கிறத நீ தின்னு" என்றேன்.

அவள் தின்று முடிக்கும் வரை நான் எழுந்திருக்கவில்லை.