படுதாவின் இன்னொரு பாதி

என் அன்பு ஸ்டெல்லா,

உனக்கு ஒரு சேதி. கேட்டுவிட்டுச் சிரிக்கக் கூடாது. நீ தேடிக்கொண்டிருந்த இன்னொரு பாதி கிடைத்துவிட்டது.

கச்சிராயபாளையத்தில் நாம் தையல் கடை போட்ட புதிதில், உன் தம்பி ஆரோக்கியம் தமிழில் வரும் ரஷ்யப் பத்திரிகைகளைக் கொண்டுவந்து போடுவான். அவன் படித்து முடித்தால் அந்த வழவழத் தாள் நமக்கு. பேப்பர் கட்டிங்குக்கு அதைப்போல வாகான தாள் வேறு எது? அப்படித்தான் ஒருநாள் ஒரு பக்கத்தில் ரவிக்கைக் கை அளவை வெட்டினாய். மீதியை இஸ்திரிப் பெட்டியில் கரி பற்றவைக்கப் போட்டுவிட்டாய். பிறகுதான் கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தாய்.

சிவப்பும் கறுப்புமாக வட்டங்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு. அடியில் 'ஓவியர்' என்று ஒரு பெண்ணின் பெயர், அதுவும் பாதிதான். அன்று முழுக்க அந்தத் துண்டையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அடுத்த வாரமே காடாத் துணியில் படுதா தைக்க உட்கார்ந்தாய். இடப்பக்கம் வெட்டுத் துண்டுகளால் அதே வட்டங்கள். வலப்பக்கம் உன் கற்பனை. முதலில் கரும்புக்கொல்லையில் மண் அணைத்த பார் வரிசை. அது பிடிக்காமல் பிரித்தாய். சில வருஷம் கழித்துக் கோமுகி அணையின் மதகுகள். அதையும் பிரித்தாய். கல்வராயன் மலைக்கு ஏறுகிற ரோட்டின் வளைவுகளைத் தைத்தபோது அளவு கொடுக்க வந்த பெண்களெல்லாம் நின்று பார்த்தார்கள். நீ மட்டும் உதட்டைப் பிதுக்கினாய்.

"நல்லாதான்டி இருக்குது. ஆனா அந்தப் பொம்பள இன்னா வெச்சிருந்தாளோ, அது இல்லியே."

போன வருஷம் கடைசியாகக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு நீ போனபோது, அதையும் பிரித்துவிட்டு வலப்பக்கம் வெறுமையாகத்தான் இருந்தது. அப்படியே மடித்து வைத்திருந்தேன்.

போன மாதம் நீ வெட்டிய அந்தக் காகித ரவிக்கைக் கையைப் படமெடுத்துச் சென்னையிலிருக்கும் என் மகளுக்கு அனுப்பினேன். அவள் எங்கெங்கோ தேடி முழுப் படத்தையும் அனுப்பினாள். அது சுவரில் மாட்டும் படமே இல்லையாம், ஸ்டெல்லா. ரஷ்யாவில் அந்தக் காலத்தில் சில பெண்கள் ஓவியம் வரைவதை விட்டுவிட்டு மில்லுக்குப் போய், அச்சடிக்கிற சீட்டித் துணிக்கு டிசைன் போட்டார்களாம். நாலு பேர் பார்ப்பதைவிட ஊரே உடுத்தட்டும் என்று.

அந்த இன்னொரு பாதியில் என்ன இருந்தது தெரியுமா? அதே வட்டங்கள். திரும்பவும் அதேதான். சீட்டியில் போட்ட பூவேதானே மறுபடி வரும்? நாளெல்லாம் அதில் கத்தரி போட்ட நமக்கு இது ஏன் தோன்றவில்லை? சிரித்தேன். சிரிப்பைப் பங்கு போட ஆளில்லாமல் அழுதேன். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

உன் வருஷ நினைவுப் பூசைக்குப் படுதாவை முடித்து வீட்டில் மாட்ட வேண்டும் என்கிறான் ஆரோக்கியம்.

"அதான் தெரிஞ்சிபோச்சே செல்விக்கா. அதையே அந்தப் பக்கமும் தச்சிடுங்க. அக்கா கேட்டுக்கினு இருந்தது அதானே?"

அவன் சொல்வதும் நியாயம்தான். வட்டங்களை வெட்டி, குண்டூசி குத்தவும் ஆரம்பித்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் துணியைத் தூக்கிப் பிடித்தபோதுதான் பார்த்தேன், வலப்பக்கம் முழுக்க ஊசித் துளைகள். கரும்புப் பார் மேல் மதகு, மதகின் மேல் மலை ரோடு. நீ பிரித்துப் போட்ட அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு அங்கேயே இருந்தன. இதை மூடிவிட்டு வட்டத்தை எப்படித் தைப்பேன்? எனக்கு அந்த ரஷ்யக்காரியா வேண்டும்? நீதானே வேண்டும்.

குண்டூசிகளை எடுத்துவிட்டேன். உன் துளைகள் போன வழியிலேயே, ஒன்றுவிடாமல், சிவப்பு நூலில் தைக்கப்போகிறேன். பூசைக்குள் முடித்து மாட்டிவிடுவேன், இது சத்தியம். உனக்குப் பிடிக்காதென்று எனக்குத் தெரியும். பிடிக்காவிட்டால் வா, வந்து எப்போதும்போலப் பிரித்துப் போடு.

கூடப் பிறக்காத உன் சகோதரி,
செல்வி