இரவல் சட்டை

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

நலம் என்று எழுத மனம் வரவில்லை. பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. பல் முளைக்கிற காய்ச்சல்தான் என்கிறார் டாக்டர். போனில் நீங்கள் பக்கத்தில் யாரோ நிற்பதுபோலவே பேசுகிறீர்கள். அதனால்தான் லீவு முடிந்து நீங்கள் இருக்கும் நாட்டுக்கே திரும்பும் நம் தெருக் கொத்தனாரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

ஆவணக் காப்பகத்தில் இப்போது, அந்தக் காலத்தில் கப்பலேறிக் கூலி வேலைக்குப் போனவர்களின் புகைப்படங்களைத் தூசி தட்டி விவரம் எழுதுகிறேன். துறைமுகத்து ஸ்டுடியோவில் எடுத்து வீட்டுக்கு அனுப்பியவை. எல்லோரும் ஒரே கோட்டுப் போட்டிருக்கிறார்கள், இரண்டாவது பொத்தான் இல்லாத கோட்டு. ஒல்லியானவருக்கு விரல்வரை தொங்குகிறது, பருத்தவருக்குப் பொத்தான் எட்டவே இல்லை. "இந்தக் கோட்டுக்கு மட்டும் ஊரெல்லாம் பொண்டாட்டி போலம்மா" என்றார் எங்கள் மேலாளர். சிரித்தேன். அடுத்த பெட்டியில், அவர்களை வேலைக்கு வைத்த கம்பெனியின் டாக்டர் எடுத்த படங்கள். புருவத்தில் வெட்டுத்தழும்பு உள்ள ஒருவரை அடையாளம் கண்டேன். அதே ஆள், கோட்டு இல்லாமல். விலா எலும்பை எண்ணலாம்.

நேற்று எதிர்வீட்டு டிரைவரின் மனைவி அவர் அனுப்பிய படத்தைக் காட்டினாள். அவரும் நம் ஏஜென்ட் மூலம் போனவர்தானே. நீங்கள் அனுப்பிய படத்தில் உட்கார்ந்திருந்த அதே சோபா. அதே நீலக் கட்டம் போட்ட சட்டை, காலரில் அதே கறை. "ரெண்டு பேரும் ஒரே கடையில துணி எடுக்கிறாங்க போலக்கா!" என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சட்டை தோளிலிருந்து நழுவுகிறது.

என் தம்பி அடுத்த மாதம் அங்கே வருகிறான். அதே ஏஜென்ட். வேண்டாம்டா என்று கெஞ்சினேன். "பழைய போட்டோவப் பாத்துப் பாத்து உனக்குப் பேய் புடிச்சிருக்குக்கா. மாமா ராஜா மாதிரி உக்காந்திருக்காரு, நீ வேற!" என்கிறான்.

நான் சொல்லி அவன் கேட்கமாட்டான். நீங்கள் சொன்னால் கேட்பான். எங்கே படுக்கிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. என்னிடம் எதையும் ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். உண்மையைச் சொல்ல முடியாதபடி பக்கத்தில் ஆள் இருந்தால், என் தம்பியோடு போனில் சண்டை போடுங்கள். என் மூஞ்சியிலேயே முழிக்காதே, இங்கே வந்தால் காலை ஒடிப்பேன் என்று திட்டுங்கள். ரோஷக்காரன், வராமல் நின்றுவிடுவான். ஆயுசுக்கும் உங்களோடு பேசாமல் இருந்தாலும் இருக்கட்டும்.

நீங்களும் எப்படியாவது வந்துவிடுங்கள். வெறுங்கையோடு வந்தால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று மட்டும் நினைக்காதீர்கள். அந்த நாலு பேருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். பாப்பா 'அப்பா' என்று சொல்லப் பழகிவிட்டாள். இன்னும் யாரையும் பார்த்துச் சொன்னதில்லை.

உயிரோடு இருங்கள்.

என்றும் உங்கள்,
பாப்பாவின் அம்மா