நெத்தலிக்கு நீச்சல் பழக்கிய அட்டை

2024 ஏப்ரல் 8

கிஷாந்த் லீவில் வந்துவிட்டான். ஒரு தோளில் பை, மறு தோளில் பலாப்பழம். அம்பாறையிலிருந்து ஹட்டன் வரைக்கும், அங்கிருந்து மஸ்கெலியாவுக்கும் இரண்டு பஸ்ஸில் அதைத் தூக்கி வந்திருக்கிறான். மூன்று வருடமாக ஆமியில் இருக்கிறான், இன்னும் புத்தி வரவில்லை. வாசலில் நின்றபடி கேட்ட முதல் கேள்வி, "அம்மாயி, நெத்தலி எப்ப வருது?"

நெத்தலி என்றால் அவன் தங்கச்சி பிரியந்தி. அவள் நேவியில் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அவள் இவனுக்கு வைத்த பேர் அட்டை. சேற்றில் கிடந்து, விட்ட இடத்தில் ஒட்டிக்கொள்வதால் ஆமிக்காரர்கள் எல்லாருமே அட்டைதானாம். காம்பிலும், அதாவது முகாமிலும், இப்படித்தான் ஒருவரையொருவர் கேலி பண்ணிக்கொள்வார்களாம்.

என் மகள் ஜீவராணி பெற்றது இரண்டு. இரண்டும் இரண்டு பட்டாளம். இந்தத் தேயிலைத் தோட்டத்தில் வேறு எந்த லயத்தில் இருக்கிறது இப்படி?

ஏப்ரல் 9

மத்தியானம் பிரியந்தி வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் கிஷாந்த் ஆரம்பித்துவிட்டான்.

"வாங்க நேவி மேடம். கப்பல எங்க நிப்பாட்டினீங்க? டேம்லயா?"

"ஆமா. நீங்க கால்ல இருக்க சேத்தக் கழுவிட்டு வாங்க, ஏத்திக்கிட்டுப் போறேன்."

"சேறுதான்டி எங்களுக்கு மரியாத. வெள்ளச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டுக் கரையில நிக்கிறதுக்கா ஒங்களுக்குச் சம்பளம்?"

"வெள்ளம் வந்தா போட்டக் கொண்டாங்கன்னு யாரடா கூப்புடுறீங்க? எங்களத்தானே?"

பக்கத்துக் காம்பரா வீட்டுக்கு வந்திருந்த அவர்களுடைய மருமகப்பிள்ளை கஜேந்திரன் சத்தம் கேட்டு எட்டிப்பார்த்தான். அவன் விமானப்படை, ஸ்டோரில் வேலை. நான்கு வருடத்தில் ஒருநாளும் விமானத்தில் கால் வைத்ததில்லை. அண்ணனும் தங்கச்சியும் உடனே சண்டையை விட்டுவிட்டு ஒன்றாகச் சேர்ந்துகொண்டார்கள்.

"வான்கோழி வந்திருச்சு!"

"நாங்க இல்லாட்டி நீங்க ரெண்டு பேரும் நடந்துதான் போகணும்" என்றான் அவன்.

"இப்பயும் பஸ்லதானே போறோம்!"

சிரித்ததில் எனக்குச் சோறு புரையேறிவிட்டது. ஆனால் ஒன்று கவனித்தேன். கப்பல் பேச்சு வரும்போதெல்லாம் பிரியந்தி கொஞ்சம் பிந்தித்தான் சிரிக்கிறாள்.

ஏப்ரல் 10

பீலியில் விழுகிற தண்ணீரில் துணி அலசும்போது பிரியந்தி சொன்னாள். அவளுக்கு நீச்சல் வரவில்லையாம்.

கப்பலுக்கு எடுக்கிற பிள்ளைகளின் லிஸ்டில் பேர் இருக்கிறது. ஆனால் இருபத்தைந்து மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும். இரண்டு தடவை மூழ்கிவிட்டாள். 25ஆம் திகதி கடைசித் தடவை. அதிலும் தவறினால் லிஸ்டிலிருந்து பேரை வெட்டிவிட்டுக் கரையில் சமையல் ஸ்டோருக்குப் போட்டுவிடுவார்கள். அப்புறம் கப்பல் கிடையாது.

இருபத்தைந்து மீட்டர் எவ்வளவு என்று கேட்டேன். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு, அதுவும் எப்போதோ. "நம்ம லயத்துல ஏழு காம்பரா நீளம் அம்மாயி." வாசலில் நின்று எண்ணிப் பார்த்தேன். மாயாண்டி வீட்டையும் தாண்டிப் போகிறது. அவ்வளவு தூரம் தண்ணீரிலா?

அண்ணனிடம் சொல்லாதீங்க என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு வேறு கவலையும் இருக்கிறது. என் பேத்தி கப்பலில் போகப் போகிறாள் என்று கோயிலில் சொன்னேன், கடையில் சொன்னேன், தோட்டத்துக் கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னேன். என் வாய் இருக்கே!

ஏப்ரல் 11

கிஷாந்திடம் சொல்லிவிட்டேன். ஒரு நாள்தான் தாங்கியது.

ஏப்ரல் 12

அவன் சிரிக்க மாட்டான் என்று நினைத்தேன். காலையில் அவளைக் கண்டதும் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நெத்தலி தண்ணியில முழுகுதாம்!" பிரியந்தி தேங்காய்ச் சிரட்டையை எடுத்து அவன் மேல் எறிந்தாள். என்னோடும் பேச்சில்லை.

சாயங்காலம் அவனே அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். ஆமியில் ஆறு கடக்கப் பழக்கியிருக்கிறார்கள், அவனுக்கு நன்றாக நீந்த வரும்.

"வருசப் பொறப்பு முடியட்டும். ஃபாக்டரிக்குக் கீழ ஆத்துல குளிக்கிற பள்ளத்துக்கு வா. ஆனா ஆமிக்காரன்தான் பழக்குனான்னு வெளிய மூச்சு விடக்கூடாது."

"ஒனக்கென்ன வெக்கம்?"

"எனக்கென்னடி வெக்கம்? ஒங்க காம்புலதான் ஒனக்கு அசிங்கம்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே தலையாட்டினாள்.

ஏப்ரல் 13

வருசம். கோயிலில் பிள்ளை பாஸாக வேண்டும் என்று நான் தேங்காய் உடைத்தேன். ஜீவராணியும் ஒன்று உடைத்தாள். என்ன வேண்டினாய் என்று வழியில் கேட்டேன்.

"அவ கரையிலயே இருக்கட்டும்மா. கடல்ல போயி என்ன செய்யப் போறா? தோத்தா நல்லதுதான்."

ஒரே அம்மனிடம் நான் ஒன்று கேட்கிறேன், என் மகள் ஒன்று கேட்கிறாள். அம்மன் பாடு திண்டாட்டம்தான்.

ஏப்ரல் 15

பள்ளத்தில் கழுத்தளவுதான் தண்ணீர். பனிக்கட்டி மாதிரிக் குளிர். நான் துவாயோடு கல்லில் உட்கார்ந்திருந்தேன். பிரியந்தி கையைக் காலை அடிக்கிறாள், நாலு எட்டு தூரம் போகிறாள், இடுப்பு கீழே இறங்குகிறது, ஆளைக் காணோம். கிஷாந்த் தலைமுடியைப் பிடித்துத் தூக்குகிறான்.

"கால ஒதறு! ஒதறுடி! ஒன்னயக் கப்பலுக்கு எடுக்கல, நங்கூரத்துக்கு எடுத்திருக்காங்க."

பத்துத் தடவைக்கு மேல். அத்தனை தடவையும் அதேதான்.

ஏப்ரல் 16

மழை. போகவில்லை.

ஏப்ரல் 17

இன்றைக்கும் மூழ்கினாள். அவன் கத்த, அவள் பதிலுக்குக் கத்த — "நான் ஸ்டோர்லயே கெழங்கு உரிச்சுக்கிட்டு இருக்கேன், போடா!" என்று கரையேறி, ஈரத்தோடு மேட்டில் ஓடிவிட்டாள். கிஷாந்த் தண்ணீரிலேயே நின்றான். "எங்க தப்பு நடக்குதுன்னு எனக்கே வெளங்கல அம்மாயி" என்றான். கேலி இல்லை அந்தக் குரலில்.

எனக்கு அழுகையா வந்துச்சு. புள்ள எவ்வளவு ஆசப்பட்டா. அந்த வெள்ளச் சட்டையில எப்படி நிக்கிறா. கெழங்கு உரிக்கவா போனா?

ஏப்ரல் 18

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

கெஞ்சிக் கூட்டிப்போனோம். மத்தியானக் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டுப் பெண்கள் மேல் பாதையில் வெறுங்கூடையோடு வந்தார்கள். பிரியந்தி மூழ்கி எழும்புவதைப் பார்த்து நின்றுவிட்டார்கள். எங்கள் லயத்துப் பேச்சியம்மா வாய் சும்மா இருக்குமா?

"அடியே பிரியந்தி! தலக்கயித்தக் கழட்டிட்டு நீந்துடி! தண்ணியிலயும் கொழுந்துக் கூடையத் தூக்கிக்கிட்டா போற?"

எல்லாரும் ஓவென்று சிரித்தார்கள். எனக்குக் கோபம். புள்ள படுற பாட்டுல ஒனக்கென்னடி சிரிப்பு என்று நான் எழும்பிவிட்டேன். கிஷாந்த் கையைக் காட்டி என்னை நிறுத்தினான். பாதையைப் பார்த்தான், தங்கச்சியைப் பார்த்தான், மறுபடி பாதையைப் பார்த்தான்.

"சித்தி, கொஞ்சம் நடந்து காட்டுங்க."

"என்னடா, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறியா?" என்று கேட்டுக்கொண்டே பேச்சியம்மா நடந்தாள். நெற்றியில் கயிறு. கூடையில் ஒரு இலை இல்லை. ஆனாலும் கழுத்து விறைத்து, முதுகு வளைந்து, இடுப்பு மடிந்துதான் நடக்கிறாள். தண்ணீரில் பிரியந்தியும் அச்சு அசல் அப்படியே. நேவியில் சேருவதற்கு முன் இரண்டு வருடம் மலையில் கொழுந்து எடுத்தவள் அல்லவா? கூடையை விட்டுப் போனாலும் கழுத்து விடவில்லை.

கிஷாந்த் அவளிடம் மெதுவாகச் சொன்னான், கத்தவில்லை. "நெத்தியில கயிறு இல்லடி. கழுத்த விட்டுரு. மொகத்தத் தண்ணிக்குள்ள வச்சி அடியில இருக்க கல்லப் பாரு."

முகத்தை வைத்தாள். கழுத்து தளர்ந்தது. கால் தானாக மேலே வந்தது! கை வீசவில்லை, உதறவில்லை, சும்மா மிதந்தாள். மேல் பாதையிலிருந்து பேச்சியம்மா விசிலடித்தாள். இந்த வயதில் விசில்!

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். வேலையை விட்டு எட்டு வருடமாகிறது, என் கழுத்தும் அப்படியே நிற்கிறது.

ஏப்ரல் 20

கல்லுக்குக் கல்லு ஏழு தரம் போய் வந்தாள். நிற்காமல். கிஷாந்த் காலடியால் அளந்து, இருபத்தைந்துக்கு மேல் வரும் என்றான். "ஆமி பாஸ் பண்ணிருச்சு. நேவி பாஸ் பண்ணுமான்னு தெரியாது, அங்க ஆளுங்க கொஞ்சம் மந்தம்." அவள் வாயில் தண்ணீரை மொண்டு அவன் மூஞ்சியில் துப்பினாள்.

திரும்பும்போது பார்த்தால் மேட்டில் ஜீவராணி. எவ்வளவு நேரமாக நின்றாளோ. "இவ்வளவு நேரம் குளுர்ல கெடக்குறா, இஞ்சித் தேத்தண்ணி கொண்டு போகணும்னு தோணலியாம்மா?" என்று என் மேல்தான் பாய்ந்தாள்.

நாளைக்கு இரண்டு பேரும் போகிறார்கள்.

ஏப்ரல் 25

நாலு மணிக்குப் போன் வந்தது. பாஸ்!

ஜீவராணி போனை வாங்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "தலையத் தொவட்டினியா?" என்றாள். அவ்வளவுதான்.

கிஷாந்துக்கு நான் சொன்னேன். "நேவி ரொம்ப எறங்கிப் போச்சு அம்மாயி, யார வேணாலும் பாஸ் பண்றாங்க" என்றான். பின்னால் யாரோ பையன்கள் கைதட்டும் சத்தம். காம்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான் பயல்.

ஜூன் 3

பிரியந்தியின் கப்பல் முந்தாநாள் புறப்பட்டுவிட்டது. திரும்பி வரப் பத்து நாளாகுமாம். அதுவரை போன் இல்லை. கடைக்குப் போகிற வழியில் கணக்கப்பிள்ளையை நிறுத்திச் சொல்லிவிட்டேன்.

கிஷாந்த் இன்றைக்கு மூன்றாவது தடவையாகப் போன் எடுத்தான். கிழக்குப் பக்கம் காத்து பலமாம். டீவியில் சொன்னார்களாம். அலை எத்தனை அடி என்று அவன் காம்பில் யாருக்கும் தெரியவில்லையாம். அவள் ஏதாவது பேசினாளா? கூட யார் போயிருக்கிறார்கள்? சாப்பிட்டிருப்பாளா?

"அவ நேவிடா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.